எத்தனை இலை என்று கேட்டாயே

ஜோயல், நேற்று நீ மஸ்கட்டிலிருந்து போன் செய்து, "எம்மா, நித்தியகல்யாணியில எத்தனை இலை போட்டுக் கொதிக்க வைக்கணும்? அத்தை கேக்குதாங்க" என்று கேட்டாய். ரசத்துக்கு எத்தனை தக்காளி என்று கேட்பதுபோல அவ்வளவு சாதாரணமாகக் கேட்டாய். "ஒரு இலைகூடக் கூடாது" என்று சொல்லிவிட்டு நான் போனை வைத்துவிட்டேன். உனக்குக் கோபம் வந்திருக்கும். உன்னோடு பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் சாத்தான்குளத்தில் அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்பதுதான் என் அவசரம். உடனே உன் மாமியாரைக் கூப்பிட்டேன். வாசலில் நிற்கும் செடியிலிருந்து இலையைப் பறித்து, கழுவி, தட்டில் போட்டு வைத்திருந்தார்கள். நல்லவேளை, அடுப்பில் ஏற்றவில்லை. அதைக் குழி தோண்டிப் புதைக்கச் சொல்லி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, கழுவிவிட்டு வந்து "சரி மைனி" என்று அவர்கள் சொல்லும் வரைக்கும் லைனிலேயே நின்றேன்.

மீதியைப் போனில் சொன்னால் நீ பாதியிலேயே "சரிம்மா, அப்ப நீங்க குடிச்சது எதுவோ அத அனுப்புங்க" என்பாய். அதனால் எழுதுகிறேன். நீயும் பியூலாவும் சேர்ந்து உட்கார்ந்து வாசிக்க வேண்டும். அவள் அம்மாவுக்கு மார்பில் வந்திருப்பது புற்றுநோய் என்று பரிசோதனையில் தெரிந்துவிட்டது. அடுத்த வாரம் கீமோ தொடங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவர்களோ, "எனக்கு ஊசியெல்லாம் வேண்டாம், சம்பந்தியம்மா இலையிலதான பிழைச்சாங்க, நானும் அப்படியே சரியாக்கிக்கிடுதேன்" என்கிறார்கள். இந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்று எனக்குத் தெரியும். உன் கல்யாணப் பந்தியில் உன் அப்பா நாலு பேர் கேட்கச் சொன்னதுதான். "எங்க வீட்டுக்காரி எந்த இலையை மூட்டை கட்டி கப்பல்ல ஏத்துனாளோ, அந்த இலைதான் அவளைக் காப்பாத்துச்சு." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பொய்யும் இல்லை. ஆனால் பாதிதான் அது. மறு பாதியை நீயும் இதுவரை கேட்டதில்லை, ஏனென்றால் எனக்குச் சிகிச்சை நடந்தபோது நீ கப்பலில் இருந்தாய். நடுக்கடலில் இருப்பவனிடம் எதைச் சொல்வது என்று, "அம்மா நல்லாருக்கேன்" என்பதோடு நாங்கள் நிறுத்திக்கொண்டோம்.

என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும், பியூலாவுக்கு அவ்வளவாகத் தெரியாது. துறைமுகத்துக்குப் போகும் ரோட்டில் மூலிகை ஏற்றுமதி செய்யும் குடோனில் நான் சூப்பர்வைசர். எங்களிடம் வருவதில் பெரும்பாலும் இரண்டு சரக்கு. ஒன்று நிலாவாரை, வெளிநாட்டுக்காரர்கள் சென்னா என்பார்கள், மலச்சிக்கலுக்கான மாத்திரைக்குப் போகிறது. இன்னொன்று நித்தியகல்யாணி. மானாவாரிச் செம்மண்ணில் விளைந்து, காய்ந்து, சாக்கில் வருகிறது. ஆடு கடிக்காத செடி. இலை புற்றுநோய் மருந்து செய்யும் கம்பெனிகளுக்குப் போகிறது. ஒரு முறை சரக்குப் பார்க்க வந்த கெமிஸ்ட் ஒருவர், ஒரு லாரி இலையை அரைத்துப் பிரித்துப் பிரித்து எடுத்தால் கடைசியில் ஒரு சிட்டிகைதான் மருந்து தேறும் என்று சொன்னார். அந்தச் சிட்டிகையை வைத்துத்தான் அளவு பார்த்து ஊசியில் ஏற்றுகிறார்கள். மற்றதெல்லாம் பிரித்து ஒதுக்கப்படுகிறது, அதில் விஷமும் உண்டு. இலை பிரிக்கும் பெண்கள் வாயில் துணி கட்டாமல் உட்கார்ந்தால் நான் சத்தம் போடுவேன். கை கழுவாமல் யாரும் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்க முடியாது. இப்படி இருக்கிறவளுடைய சம்பந்தி வீட்டிலேயே அதைத் தட்டில் பறித்து வைத்திருந்தார்கள் என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்.

எனக்குக் கழுத்தில் நெறி கட்டியதுபோல ஒரு கட்டி வந்தது. வலி இல்லை. சுளுக்கு என்று எண்ணெய் தடவினேன். பிறகு அக்குளிலும் வந்தது, சாயங்காலமானால் காய்ச்சல், தூங்கி எழுந்தால் தலையணை நனைந்திருக்கும். திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியில் கட்டியை எடுத்துச் சோதித்து, லிம்போமா என்றார்கள். நிணநீர் முடிச்சுகளில் வரும் புற்றுநோய். டாக்டரம்மா என்னைவிடச் சின்னவர், சிரிக்காத முகம். "இது கீமோவுக்கு நல்லா கேக்குற வகை. ஆனா முழுசா போடணும், பாதியில ஓடக் கூடாது" என்றார். நான் ஓட மாட்டேன் என்றேன்.

முதல் தவணை அன்று மருந்துகளை ஒவ்வொன்றாகக் கொண்டு வந்தார்கள். ஒன்று செக்கச்செவேலென்று இருந்தது. இன்னொன்று தண்ணீர் மாதிரி, கொஞ்சம்தான். அதன் பேரை நர்ஸிடம் கேட்டேன். "வின்கிறிஸ்டின்" என்றாள். எனக்கு அந்தப் பேர் தெரியும், ஜோயல். எங்கள் சரக்கை வாங்குகிறவர்கள் பேச்சில் அடிக்கடி வரும் பேர். "இது எங்க குடோன் இலைம்மா" என்று சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை, மருந்து ஏறும் மயக்கத்தில் பேசுகிறேன் என்று நினைத்து என் கையைத் தட்டிக் கொடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் அப்பாவுக்குப் புரிந்தது. அந்தச் சின்ன ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். வருகிற வழியெல்லாம், "அப்ப இலைக்குச் சக்தி இருக்குல்லா ஏளா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு வந்தார். இருக்கிறது என்றுதான் நானும் சொன்னேன்.

உன் அப்பாவை நீ துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய ஆளாகப் பார்த்திருக்கிறாய். அந்த உயரத்தில் தனியாக உட்கார்ந்து, காற்றில் ஆடும் கன்டெய்னரை அலுங்காமல் இறக்கியவர். பயம் என்றால் என்னவென்று கேட்பார். என் முடி கொட்டத் தொடங்கியபோது அவரைப் பார்த்திருக்க வேண்டும். தரையில் கிடந்த முடியை எல்லாம் நான் எழுவதற்கு முன்பே கூட்டிவிடுவார். நான் ஒரு வாய் சாப்பிட்டு வாந்தியெடுத்தால் அன்றைக்கு அவரும் சாப்பிட மாட்டார். போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். அங்கே அவர் பார்த்ததெல்லாம் வீடியோக்கள். புற்றுநோயை வீட்டிலேயே விரட்டலாம், டாக்டர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள் என்று ஆரம்பிக்கும் வீடியோக்கள். அப்படி ஒன்றில் கண்ட நம்பருக்குப் பேசி, சொட்டு மருந்து வரவழைத்திருக்கிறார். மஞ்சளையும் மிளகையும் இன்னும் சில மூலிகைகளையும் சாறு இறக்கிச் செறிவாக்கியது. டாக்டரம்மாவிடம் ஒரு தடவை கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார். "இந்த நேரத்துல வேண்டாம்" என்று அவர் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார். காரணம் கேட்க இவருக்கு வாய் வரவில்லை. டாக்டர்கள் எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள் என்று தானே முடிவு செய்து, தினமும் எனக்குக் கொடுக்கும் மாதுளை ஜூஸில் அதைக் கலந்தார். எனக்குச் சொல்லவில்லை. எனக்கோ அந்த நாட்களில் தண்ணீரே தகரத்தை நக்கியது மாதிரி இருக்கும். ஜூஸ் கசந்தால் வித்தியாசம் தெரியுமா?

அடுத்த தவணைகளில் உடம்பு முரண்டு பிடித்தது. விரல் நுனிகள் மரத்தன. ஜாக்கெட் ஊக்கை மாட்ட முடியவில்லை. காலில் செருப்பு இருக்கிறதா, கழன்று விழுந்ததா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த மருந்துக்கு இதெல்லாம் கொஞ்சம் வரும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் வயிறு பாறை மாதிரி ஆனது. குடல் அசையவே இல்லை. குனியவும் முடியாமல் நிமிரவும் முடியாமல் காரில் படுக்கவைத்துத் திருநெல்வேலிக்குக் கொண்டு போனார்கள். மூக்கு வழியாகக் குழாய் விட்டார்கள். ரத்தத்தில் ஈரலின் அளவுகள் தாறுமாறாக ஏறியிருந்தன. அடுத்த கீமோவைத் தள்ளிப் போட்டார்கள்.

டாக்டரம்மா கட்டிலருகே வந்து நின்று, "வெளியில என்ன மருந்து சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். "கஷாயம், டீ, பொடி, சர்ச்சுல யாராவது குடுத்தது, எதுவா இருந்தாலும் சொல்லுங்க. நான் கோபப்பட மாட்டேன்." ஒன்றுமே இல்லை டாக்டர் என்றேன். எனக்குத் தெரிந்த உண்மை அதுதானே. அப்போது உன் அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னையும் பார்க்கவில்லை, டாக்டரையும் பார்க்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே வாகனங்கள் நிறுத்தியிருக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் ஒருத்தரோடு குடித்தனம் செய்தால் முதுகைப் பார்த்தே தெரியும்.

டாக்டர் போனதும் கேட்டேன். "ஜூஸ்ல என்ன கலந்திய?"

அவர் திரும்பவில்லை. "நல்லதுதான் ஏளா. மஞ்சளும் மிளகும். நம்ம அடுப்பாங்கரையில இல்லாததா?"

"எவ்வளவு நாளா?"

"ரெண்டாவது கீமோவுல இருந்து."

"போய் டாக்டர்ட்ட சொல்லுங்க."

"சொல்லிக்கிடலாம். முதல்ல அந்த மருந்துக்காரன்ட்ட கேட்டுட்டு வாரேன்" என்று வராந்தாவுக்குப் போனார். கதவு திறந்திருந்தது, இவர் பேசியது எனக்குக் கேட்டது. திரும்பி வந்தபோது ஆளே மாறியிருந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார்: "குடல் நின்னுட்டுன்னு சொன்னேன். அது நோய் வெளியேறுததாம். கீமோவ நிறுத்திட்டு, டிஸ்சார்ஜ் வாங்கிட்டுப் போய், சொட்டை ரெண்டு மடங்காக் குடுக்கணுமாம். உனக்கு என்ன புற்றுநோய்னு அவன் கேக்கவே இல்ல. என்ன மருந்து ஏறுதுன்னும் கேக்கல. ஒரு வார்த்தை கேக்கலளா." அப்படியே குனிந்து என் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். அவர் கை என் காலில் இருப்பது எனக்குக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்தது. எனக்குக் கோபம் இருந்தது. நிறையவே இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் கோபப்பட்டால் அவர் அந்தப் பாட்டிலை எங்காவது தூக்கி எறிந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடுவார் என்று தோன்றியது. "அழாதிய. பாட்டிலோட போங்க. டாக்டருக்குத் தெரியணும்" என்றேன். அன்றைக்கே வீட்டுக்குப் போய் அதை எடுத்து வந்து, டாக்டரம்மாவின் மேஜையில் வைத்து, "என் பெண்டாட்டிக்குத் தெரியாது. நான்தான் கொடுத்தேன்" என்று சொன்னார். கிரேனில் ஏறுவதைவிட அந்த அறைக்குள் போவது கஷ்டமாக இருந்தது என்று பிறகு சொன்னார்.

டாக்டரம்மா திட்டவில்லை. லேபிளை வாசித்தார். பிறகு என்னிடம் வந்து, புரிகிற மாதிரி சொன்னார். "கீமோ மருந்து வேலை முடிஞ்சதும் அதை உடைச்சு வெளியேத்துறது ஈரல். மிளகுச் சாறு மாதிரி சில பொருள் செறிவா உள்ள போனா, அந்த வேலையை மெதுவாக்கிடலாம். அப்ப மருந்து உடம்புல கூடுதல் நேரம் நிக்கும். நான் அளந்து குடுத்தது உங்களுக்குள்ள அதிக அளவா மாறிடும். ரசத்துல போடுற மிளகு வேற, இது வேற. இதுதான் முழுக் காரணம்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா சந்தேகப்பட எனக்கு இது போதும்." அடிச்சுச் சொல்ல முடியாது என்று அவர் ஒத்துக்கொண்டதுதான் எனக்கு அவர்மேல் நம்பிக்கையைக் கொடுத்தது. பாட்டில் விற்றவனுக்கு எல்லாமே நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

இதோடு எல்லா இலை தழையையும் விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. பிழைப்பே இலையில் நடக்கிறவள் நான். குடல் சரியாகிக் கஞ்சி குடிக்கத் தொடங்கியதும் டாக்டரம்மாவிடம் கேட்டேன்: "வாந்திக்கு, வாய்ப்புண்ணுக்கு, அசதிக்கு மூலிகையில எது எனக்கு ஆகும், எது ஆகாது?" அவர், "நான் படிக்காத விஷயத்துக்கு ஆமான்னு சொல்ல முடியாதும்மா" என்றார். "அப்ப படிச்சவங்கட்ட கேட்டுச் சொல்லுங்க. நீங்க சொல்லாட்டா, சொல்லுததுக்கு வெளியில ஆயிரம் பேர் இருக்கான்" என்றேன். அவர் போய்விட்டார். ரவுண்ட்ஸ் முடித்துத் திரும்பும்போது, சலைன் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு அவர் அறை வாசல் பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். மறுநாளும் உட்கார்ந்தேன். அவர் முதல் முதலாகச் சிரித்தது அப்போதுதான். தனக்குத் தெரிந்த சித்த மருத்துவர் ஒருவருக்குப் போன் போட்டு, என் மருந்துகளின் பேரை எல்லாம் வாசித்தார்.

அந்தச் சித்த மருத்துவர் பொடி பொடியாகக் கட்டிக் கொடுப்பார் என்று எதிர்பார்த்தேன். முக்கால்வாசிக்கு அவரே கூடாது என்றார். அசதிக்கு அமுக்கராப் பொடி கேட்டேன். "ஈரல் ஒரு அடி வாங்கியிருக்கும்மா, இப்ப தொடப்படாது." நிலவேம்பு கேட்டேன். "வெள்ளை அணுவும் தட்டணுவும் ஏறி இறங்குத நேரம், எதுக்கு?" கடைசியில் தேறியது கொஞ்சம்தான். வாந்திக்கு இஞ்சி, அதுவும் சமையலில் போடும் அளவு, ரத்தத்தில் தட்டணு, அதாவது பிளேட்லெட், குறைந்தால் நிறுத்திவிட வேண்டும். வாய்ப்புண்ணுக்குத் திரிபலா போட்டு ஆறவைத்த தண்ணீரில் கொப்பளித்துத் துப்புவது. செறிவாக்கிய சாறு, கேப்ஸ்யூல் எதுவும் கீமோ முடியும்வரை கிடையாது. புதிதாக எதைத் தொடுவதானாலும் இரண்டு டாக்டர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். மலச்சிக்கலுக்கு டாக்டரம்மாவே எழுதிக் கொடுத்த மாத்திரை என்ன தெரியுமா, நம் நிலாவாரைதான். இஞ்சியும் கொப்பளிப்பும் என் புற்றுநோயைக் குணமாக்கவில்லை. அது கீமோ செய்த வேலை. ஆனால் நாக்கில் ருசி திரும்பி, இரண்டு வாய் சோறு கூடுதலாக உள்ளே போனது அவற்றால்தான். தெம்பு இருந்ததால் அடுத்த தவணைக்கு என்னால் உட்கார முடிந்தது. துணை மருந்து என்றால் அவ்வளவுதான். அந்த அளவுக்கு அதை நம்பு. அதற்குமேல் யார் சொன்னாலும் நம்பாதே.

வின்கிறிஸ்டினை எனக்குக் குறைத்துத்தான் பிறகு கொடுத்தார்கள். முழுதும் கிடைத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்குமோ என்று யாருக்கும் தெரியாது. கட்டிகள் கரைந்துவிட்டன. இன்றுவரை சோதனையில் ஒன்றும் இல்லை, சோதனைக்குப் போவதை நிறுத்தப்போவதும் இல்லை. விரல் நுனி மட்டும் முழுசாகத் திரும்பவில்லை. முன்பெல்லாம் சாக்குக்குள் கையை விட்டாலே இலை சரியாகக் காய்ந்ததா, பதம் போயிருக்கிறதா என்று தெரிந்துவிடும். இப்போது வெளிச்சத்தில் அள்ளிப் பார்த்து, மோந்து பார்த்துத்தான் சொல்கிறேன். குடோனில் யாருக்கும் இது தெரியாது. உனக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

இதை எழுத உட்கார்ந்தபோது உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் பேரை விட்டுவிட்டு எழுதவா என்று கேட்டேன். பேப்பரை மடித்து வைத்தார். "நான்தான் கலந்தேன்னே எழுது. அவனும் நாளைக்குப் பியூலாவ அழவிடக் கூடாதுன்னு எதையாவது கலந்துறப் போறான்" என்றார். கல்யாணப் பந்தியில் பேசியதைத் திருத்திச் சொல்ல அவரே சாத்தான்குளத்துக்கு வருகிறார்.

ஆகவே நீ செய்ய வேண்டியது இது. பியூலா ஆன்லைனில் ஏதோ கேப்ஸ்யூல் பார்த்து வைத்திருக்கிறாள் என்றாய், அதை வாங்க வேண்டாம். அவள் அம்மா ஏற்கெனவே சாப்பிடுகிற எல்லாவற்றையும், சத்து மாத்திரை, மூட்டு வலித் தைலம் உட்பட, அவர்களுடைய டாக்டரிடம் சொல்லச் சொல். மூலிகை வேண்டும் என்று அவர்கள் ஆசைப்பட்டால் அதைச் சிரித்து ஒதுக்காதே. கேட்டுச் சொல்லும் டாக்டர் கிடைக்கும் வரை கேட்கலாம், கேட்பதற்கு நான் இருக்கிறேன். எனக்கு ஆனதே அவர்களுக்கும் ஆகும் என்று நான் சொல்ல மாட்டேன். நோய் வேறு, மருந்து வேறு, உடம்பு வேறு. எனக்கு ஆனதே ஆகும் என்று நீயும் பியூலாவிடம் சொல்லிவிடாதே. லீவு கிடைத்தால் கீமோ நாட்களைப் பார்த்து வா. வந்து பக்கத்தில் உட்கார். பயம் வரும், அப்போது என்னைக் கூப்பிடு. எதையாவது செய்வதற்கு முன்னால் கூப்பிடு.

இன்று காலை உன் மாமியாரிடம் மறுபடியும் பேசினேன். மேலே எழுதியதை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன், உன் அப்பா கலந்த பாட்டில் வரைக்கும். பிறகு கேட்டார்கள்:

"முடி போயிருமா மைனி?"

"போகும். திரும்ப வரும்."

"வாந்தி?"

"இருக்கும். இப்ப அதுக்கு நல்ல மருந்து தாராங்க. முதல் தடவை நான் கூடவே இருப்பேன்."

"நீங்க அழுதியளா?"

"அழுதேன்."

"சரி, அப்ப இன்னைக்கு ஒரு நாள் நானும் அழுதுக்கிடுதேன். நாளைக்கு வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

நானும் அப்பாவும் காலையில் முதல் பஸ்ஸில் கிளம்புகிறோம்.

அம்மா